ஐஸ் காபியின் மேல் பூமண நுரை: வீட்டில் ஏன் நிற்பதில்லை, மணம் ஏன் பிடிப்பதில்லை?

கேள்வி: அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அங்கே அவள் விரும்பிக் குடிப்பது, ஐஸ் காபியின் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ரோஜா மணமுள்ள குளிர்ந்த பால்நுரையை ஊற்றித் தரும் பானம். கோல்ட் ஃபோம் என்று அதற்குப் பெயர் சொன்னாள். எங்கள் வீட்டில் இரண்டு வேளையும் பித்தளை டபராவில் ஆற்றிய சூடான காபிதான் பழக்கம் என்றாலும், அக்னி நட்சத்திர வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த டம்ளரைக் கையில் எடுக்கவே மனம் வருவதில்லை. கொல்லையில் இரண்டு பன்னீர் ரோஜாச் செடிகள் நாள் தவறாமல் பூக்கின்றன. ஆகவே வீட்டிலேயே செய்து கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று முறை செய்தும் சரியாக வரவில்லை.

முதல் முறை, ஒரு கைப்பிடி ரோஜா இதழ்களை எருமைப்பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஃபிரிட்ஜில் குளிரவைத்து மிக்ஸியில் அடித்தேன். பாலின் நிறம் சாம்பல் கலந்தது போல மங்கிவிட்டது. ரோஜா மணத்துக்குப் பதிலாகக் கீரை வெந்த வாடை வந்தது. நுரை எழுந்ததுதான், ஆனால் டம்ளரில் ஊற்றிக் கூடத்துக்குக் கொண்டு வருவதற்குள் பெரிய பெரிய குமிழ்களாகி, ஒவ்வொன்றாக உடைந்து, மேலே ஒரு வெள்ளை வளையம் மட்டும் மிஞ்சியது. இரண்டாம் முறை, பாக்கெட்டில் வரும் நிறைகொழுப்புப் பாலை வாங்கி, கல்யாணத்தில் தெளிப்பதற்காக வாங்கி மீந்திருந்த பன்னீர்ப் புட்டியிலிருந்து அரை மூடி சேர்த்தேன். சோப்பைக் கரைத்தது போன்ற சுவை. மகள் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை, நானும் கொட்டிவிட்டேன். மூன்றாம் முறை, அட்டைப்பெட்டியில் விற்கும் ஃபிரெஷ் க்ரீமை மட்டும் ஊற்றி அடித்தேன். அது கெட்டி மோர் போல ஆனதே தவிர நுரையாகவில்லை.

நுரை நிற்க எந்தப் பால் வேண்டும்? பூவின் மணத்தைப் பாலில் எப்படி ஏற்றுவது? கடைத்தெருவில் முழம் போட்டு விற்கும் மல்லிகையை இதற்குப் பயன்படுத்தலாமா? இந்த மூன்றையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். புதிதாகப் பெரிய கருவி எதையும் வாங்கும் எண்ணம் இல்லை. வீட்டில் மிக்ஸி, மத்து, மூடி போட்ட அகன்ற வாய்க் கண்ணாடிப் பாட்டில்கள் ஆகியவை இருக்கின்றன.


மறுமொழி 1: வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

வணக்கம் சகோதரி. பால் பதப்படுத்தும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பாலைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பூவைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நீங்கள் எடுத்த மூன்று பொருள்களும் நுரைக்கு ஒவ்வாதவை. அதற்குக் காரணம் கொழுப்பு. குளிர்ந்த பாலில் நுரையைத் தாங்கிப் பிடிப்பது புரதம். காற்றுக்குமிழ் ஒவ்வொன்றையும் சுற்றிப் புரதம் மெல்லிய படலமாகப் படிந்து நிற்கிறது. ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் பால்கொழுப்பின் ஒரு பகுதி உறைந்து சிறு படிகங்களாகவும், ஒரு பகுதி இளகியும் இருக்கும். அந்தப் படிகங்கள் குமிழின் படலத்தைக் குத்தி உடைத்துவிடுகின்றன. பால் கொஞ்சம் வெதுவெதுப்பானால் நிலைமை இன்னும் மோசமாகும். நம் ஊர் மே மாதத்தில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அடுப்பங்கரை மேடையில் சிறிது நேரம் வைத்தாலே அது நுரைக்கு உதவாத வெப்பத்துக்கு வந்துவிடும்.

எருமைப்பாலில் ஏறத்தாழ 7 சதவிகிதம் கொழுப்பு. பாக்கெட்டில் நிறைகொழுப்புப் பால் என்று விற்பது 6 சதவிகிதம், நிலைப்படுத்திய பால் 4.5, சமன்படுத்திய பால் 3, இருமுறை சமன்படுத்திய பால் 1.5 சதவிகிதம். கடைசியாகச் சொன்னதில் கொழுப்பற்ற திடப்பொருள் 9 சதவிகிதம் இருக்கிறது. புரதம் அதற்குள்தான் அடங்கும். சூடான காபிக்கு யாரும் விரும்பிக் கேட்காத அந்த மெலிந்த பால்தான் குளிர்நுரைக்கு மிகச் சிறந்தது. அது கிடைக்காவிட்டால் 3 சதவிகிதப் பாலைக் காய்ச்சி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் மேலே படிந்த ஆடையை முழுவதும் எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். 100 மில்லி பாலுக்கு ஒரு தேக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டால் புரதம் கூடி நுரை நெருக்கமாக வரும். இது அதிகச் செலவில்லாத வழி. நான் தவறாமல் செய்வதும் இதுவே.

க்ரீம் வேறு கதை. கொழுப்பு 30 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் அந்தக் கொழுப்புத் துளிகளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடித்து நிறுத்தும் கூடாக மாறிவிடும். விப்பிங் க்ரீம் என்று தனியாக விற்பது இந்த வகை. நீங்கள் வாங்கிய ஃபிரெஷ் க்ரீமில் பெரும்பாலும் 25 சதவிகிதம்தான் இருக்கும். குழம்பைக் கெட்டிப்படுத்தப் பயன்படுவது அது. கொழுப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது மிக அதிகமாக இருக்க வேண்டும். இடையில் உள்ளவை இரண்டு வேலையையும் முழுதாகச் செய்வதில்லை. தடித்த, மெல்ல வழியும் நுரை வேண்டுமென்றால் விப்பிங் க்ரீம் 30 மில்லி, இருமுறை சமன்படுத்திய பால் 30 மில்லி, சர்க்கரைப்பாகு 15 மில்லி என்று சேர்த்து அடிக்கலாம். எனக்கு அது காபியின் மேல் வெண்ணெய் பூசியது போலக் கனமாகத் தோன்றும். உங்கள் மகளுக்குப் பிடிக்கலாம்.

இன்னும் இரண்டு செய்திகள். கறந்த பாலைக் காய்ச்சாமல் நெடுநேரம் வைத்திருந்தாலோ, தூக்குவாளியில் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்தாலோ, பாலில் இயல்பாகவே உள்ள ஒரு நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கும். அதனால் உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் நுரையைக் கொன்றுவிடும். ஆகவே வீட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றும் பாலைப் பயன்படுத்துவதாக இருந்தால் கையில் வாங்கிய உடனே காய்ச்சிவிடுங்கள். இரண்டாவது, மிக்ஸி ஜாடி. தேங்காய்ச் சட்னி அரைத்த ஜாடியை எவ்வளவு தேய்த்தாலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் பிளேடின் அடியிலும் எண்ணெய்ப் பசை தங்கியிருக்கும். ஒரு துளி எண்ணெய் ஒரு ஜாடி நுரையை உட்கார வைத்துவிடும். அந்த வளையத்தைக் கழற்றி, வெந்நீரும் கடலை மாவும் போட்டுத் தேய்த்து, சோப்பு வாடை இல்லாமல் அலசிக் காயவைத்துப் பாருங்கள்.

உண்மையில் உங்களுக்கு மிக்ஸியே வேண்டாம். அது ஓடும்போது சூடேறும், குமிழும் பெரிதாக வரும். கண்ணாடிப் பாட்டிலை ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைத்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பாலும் பாகும் ஊற்றி, மூடியை இறுக்கி ஒரு நிமிடம் விடாமல் குலுக்குங்கள். பிறகு பாட்டிலின் அடியை மேசைமேல் விரித்த துணியில் நான்கு தட்டுத் தட்டினால் பெரிய குமிழ்கள் உடைந்து நுண்ணியவை மட்டும் நிற்கும். வீட்டில் ஃபிரெஞ்சு பிரஸ் (வலைத்தட்டு உள்ள தண்டை அழுத்திக் காபி வடிக்கும் குவளை) இருந்தால் அதன் தண்டை நாற்பது ஐம்பது முறை மேலும் கீழும் இழுப்பதும் நன்றாக வரும்.


மறுமொழி 2: குடமுருட்டி (திருவையாறு வட்டம்)

வணக்கம். மேலே ஐயா எழுதியதில் நான் மாற்றிச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதைப் படித்தவுடன் உங்களுக்கு ஒரு சிக்கல் தோன்றியிருக்கும். பூவின் மணம் கரைவது கொழுப்பில். நுரையோ கொழுப்பு வேண்டாம் என்கிறது. இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்துத் தீர்க்க முயன்றால் தோல்விதான் வரும். மணத்தைத் தனியாகச் சர்க்கரையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பாலை நுரைப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பாகு சேர்வதால் பால் சற்றுக் குழகுழப்பாகி நுரையிலிருந்து நீர் வடிவதும் தாமதமாகும் என்பது கூடுதல் நன்மை.

முதலில் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உடல்நலம் சார்ந்தது. கடைத்தெருப் பூவைத் தயவுசெய்து உணவில் சேர்க்காதீர்கள். நான் பூச்சாகுபடிக் குடும்பத்தில் பிறந்தவள். மல்லிகையில் மொட்டுப்புழு வந்தால் என்ன தெளிக்கிறோம், எத்தனை நாளுக்கு ஒரு முறை தெளிக்கிறோம் என்பதை அறிந்தே சொல்கிறேன். தலையில் சூடுவதற்கும் சாமிக்குச் சாத்துவதற்கும் விளையும் பூ அது; வாயில் வைப்பதற்கென்று யாரும் விளைவிப்பதில்லை. தண்ணீரில் அலசினால் மேலே உள்ளதுதான் போகும். இன்னொன்றையும் கவனியுங்கள். தஞ்சாவூர்ப் பூக்காரத் தெருவானாலும் கும்பகோணம் கடைத்தெருவானாலும் ஒரே சாக்குப்படுதாவில் மல்லிக்குப் பக்கத்தில் அரளி குவிந்திருக்கும். அரளியின் எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. நம் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த கதம்பத்தில் எத்தனையோ பூவும் இலையும் கலந்திருக்கும். அதிலிருந்து உதிர்த்த எதையும் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது. உங்கள் கொல்லையில், மருந்தடிக்காமல், நீங்களே அடையாளம் அறிந்து பறித்த பூ மட்டும் போதும். கல்யாணப் பன்னீரும் அப்படித்தான். அது மேலே தெளிப்பதற்கான வாசனை நீர். குடிக்கக் கூடிய பன்னீர் தனியாக விற்கிறது. அதன் சீட்டில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் அச்சிட்டிருக்கும்.

இனி ரோஜா. விடிந்து வெயில் ஏறும் முன் பறியுங்கள். ஒன்பது மணிக்கு மேல் பறித்த பூவில் பாதி மணம் காற்றோடு போயிருக்கும். இதழ்களை உதிர்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள வெளிறிய நுனியைக் கத்தரியால் நறுக்கி எறிந்துவிடுங்கள். கசப்பு அங்கேதான் இருக்கிறது. அலசி நிழலில் ஈரம் போக உலர்த்திய இதழ் 40 கிராம், சர்க்கரை 100 கிராம். ஒரு பாட்டிலில் இதழும் சர்க்கரையும் மாறி மாறி அடுக்கி, கரண்டிக் காம்பால் மெல்ல அழுத்தி, மூடி ஓரிரவு விடுங்கள். காலையில் திறந்தால் சர்க்கரை நீர்விட்டு இளஞ்சிவப்பாகக் கசிந்து, இதழ்கள் சுருங்கிப் பாட்டிலின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். குல்கந்துக்கு முதல் நாள் இருக்கும் நிலை அது. 100 மில்லி தண்ணீரைத் தனியே கொதிக்கவைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் அதில் ஊற்றிக் கலக்கி, சர்க்கரை கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடுப்பில் மறுபடி ஏற்ற வேண்டாம். மணம் என்பது ஆவியாகப் பறக்கும் பொருள். நீங்கள் இதழைப் பாலில் கொதிக்கவைத்த அன்று வீடெல்லாம் மணத்திருக்கும், பாலில் மட்டும் இருந்திருக்காது. இந்தப் பாகை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். 100 மில்லி பாலுக்கு 15 மில்லி ஊற்றினால் சரியாக இருக்கும். குளிர்ச்சி நாக்குக்கும் மூக்குக்கும் சுவையைக் குறைத்துக் காட்டும். ஆகவே பாகைத் தனியே சுவைத்தால் திகட்ட வேண்டும்; அப்போதுதான் நுரையில் அது அளவாகத் தெரியும்.

நிறத்தைப் பற்றி. ரோஜாவின் சிவப்பு புளிப்பில் பளிச்சென்றும், பாலைப் போல ஏறத்தாழ நடுநிலையில் உள்ளவற்றில் மங்கியும் தெரியும் வகையைச் சேர்ந்தது. உங்கள் பால் சாம்பல் நிறமானது இதனால்தான். உங்கள் கைப்பிழை அல்ல. பாகில் எலுமிச்சை பிழிந்தாலும் பாலில் சேர்ந்தவுடன் மறுபடி மங்கும். கூடுதலாகப் பிழிந்தால் பால் திரியும். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால், விரல்நகக் கனத்தில் ஒரு பீட்ரூட் வில்லையை வடிகட்டிய பாகில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்துவிடுங்கள். பீட்ரூட்டின் நிறம் பாலில் மாறாது. அதற்கு மேல் விட்டால் மண்வாடை ஏறிவிடும். செம்பருத்திச் சாற்றை நிறத்துக்காகச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது ரோஜாவைப் போலவே பாலில் மங்கும். புளிச்சைப் பூவோ கடும் புளிப்பு. அது பாலைத் திரித்துவிடும். சங்குப்பூ பாலில் அழகான நீலமாக நிற்கும், ஆனால் அதற்கு மணம் என்று ஒன்றுமில்லை.

மல்லிகைக்கு வேறு வழி. உங்கள் வீட்டில் குண்டுமல்லிக் கொடி இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். மல்லிகையை ஊறவைக்கக் கூடாது, அடுக்கக் கூடாது, நசுக்கவே கூடாது. நசுங்கிய மல்லிகை பச்சை வாடையும் கசப்பும்தான் தரும். அது மலரும்போது விடும் மூச்சைத்தான் நாம் பிடிக்க வேண்டும். பிற்பகலில் பறித்த முற்றிய மொட்டு, இரவு ஏழு மணிக்கு மேல் மெல்ல விரியத் தொடங்கும். ஓர் அகன்ற கிண்ணத்தில் 100 கிராம் சர்க்கரையைப் பரப்பி, அதன்மேல் மெல்லிய மல்துணியைக் கட்டி, துணியின் மேல் ஒரு கைப்பிடி மொட்டைப் பரப்பி, இறுக்கமான மூடியால் மூடி வெளியிலேயே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் மொட்டு விரியாது. விடியற்காலையில், இதழ் பழுப்பாகும் முன்பே, பூவை எடுத்துவிடுங்கள். வாடிய பூவின் நாற்றத்தையும் சர்க்கரை அதே விசுவாசத்தோடு ஏற்றுக்கொள்ளும். மூன்று இரவு புதுப்புது மொட்டுகளால் இப்படிச் செய்தால், கிண்ணத்தைத் திறக்கும்போது மாலை நேரத்துக் கோயில் பிராகாரத்தில் நிற்பது போன்ற மணம் வரும். சர்க்கரை பூவின் ஈரத்தால் சற்றுக் கட்டிதட்டும், அது தவறல்ல.

வடநாட்டில் எள்ளை மல்லிகையோடு அடுக்கி மணமேற்றி, பிறகு அந்த எள்ளை ஆட்டித் தலைக்குத் தைலம் எடுப்பார்கள். பிரான்சில் கிராஸ் என்ற ஊரில் கண்ணாடித் தகட்டில் கொழுப்பைப் பூசி அதன்மேல் மல்லிகையைப் பரப்பி அத்தர் எடுத்தார்கள். எல்லாம் ஒரே அறிவுதான். மல்லிகை சூட்டுக்கு இணங்காது, அருகில் இருந்தால் மட்டும் தன் மணத்தைத் தரும்.


மறுமொழி 3: கொள்ளிடக்கரை (மயிலாடுதுறை)

வணக்கம். காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். நுரையைப் பற்றி இவ்வளவு பேசியபின் அதன் கீழே இருக்கும் காபியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் வீட்டுக் காபிப்பொடி பெரும்பாலும் 80க்கு 20 என்ற கணக்கில் சிக்கரி கலந்தது. இன்னும் கூட்டிக் கேட்பவர்களும் உண்டு. சூடான பால்காபிக்கு அந்தக் கனமும் கருப்பும் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பூமண நுரைக்கு மட்டும் அது பகை. சிக்கரியின் கருகிய வெல்லம் போன்ற மணம் மல்லிகையை முழுதாக மறைத்துவிடும். ரோஜா ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. டமாசினோன் என்ற ஒரு மணப்பொருள் ரோஜா எண்ணெயிலும் இருக்கிறது, வறுத்த காபியிலும் இருக்கிறது. மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியக் கூடியது. ஆகவே ரோஜாவும் காபியும் சேர்வது ஒட்டாத இரண்டைக் கட்டிவைப்பது அல்ல. மல்லிகைக்கும் காபிக்கும் கூட உறவு உண்டு. கோடை மழை விழுந்து ஏற்காட்டிலும் குடகிலும் காபிச்செடி பூக்கும்போது மலையே மல்லிகை மணக்கும். ஆனால் வறுத்த கொட்டையில் அந்த மணம் இருக்காது.

சிக்கரி இல்லாத, நடுத்தரமாக வறுத்த அரபிகா பொடியை 100 கிராம் மட்டும் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். பில்டரில் கெட்டியாக டிகாக்ஷன் இறக்கி, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடாகவே ஐஸ்கட்டியின் மேல் ஊற்றினால் பாதி ஐஸ் கரைந்து காபி நீர்த்துவிடும். டம்ளர் நிறைய ஐஸ், டிகாக்ஷன் 60 மில்லி, குளிர்ந்த தண்ணீர் 60 மில்லி, அதன்மேல் நுரை. கீழே பால் வேண்டாம். மேலே இனிப்பான வெண்மை, கீழே இனிப்பில்லாத கருப்பு என்று இரண்டும் தனித்து இருந்தால்தான் வாயில் சேரும்போது அதன் அருமை தெரியும்.

ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் பழக்கம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. இந்தக் காபியை அப்படிக் குடித்தால் அடியில் உள்ளது முதலில் வரும், நுரை டம்ளரிலேயே ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சுகுழல் போட்டாலும் அதே கதைதான். உதட்டை விளிம்பில் வைத்து, மூக்கு நுரைக்கு மேலே இருக்கும்படி, மெல்ல உறிஞ்சிக் குடிக்க வேண்டும். வாயகன்ற கண்ணாடி டம்ளர் இதற்கு ஏற்றது.


மறுமொழி 4: அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எட்டு நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் சொன்ன ஒவ்வொன்றையும் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்த்தபோது உட்பக்கம் மஞ்சளாக ஒரு பிசுக்குப் படிந்திருந்தது. ஐயா, நேரில் பார்த்தது போல எழுதியிருக்கிறீர்கள். சுத்தம் செய்தபின் அந்த ஜாடியில் அடித்த நுரை நின்றது என்றாலும், குளிரவைத்த பாட்டிலில் குலுக்கியதுதான் மிருதுவாக வந்தது. இருமுறை சமன்படுத்திய பால் எங்கள் தெருக் கடையில் இல்லை. பேருந்து நிலையத்துக்கு அருகில் சொல்லிவைத்து வாங்கினேன். பால்பவுடரும் சேர்த்த நுரை கால் மணி நேரம் கழித்தும் கரண்டியால் அள்ளும்படி இருந்தது. மத்தையும் விடவில்லை. உயரமான குறுகிய பாத்திரத்தில் கடைந்தால் நுரை வருகிறது; ஆனால் அதற்குள் பால் சூடேறிவிடுகிறது. பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி வைத்துக் கடைந்தபோது சரியாகிவிட்டது.

ரோஜாப் பாகு முதல் முறையிலேயே அமைந்தது. இதழின் வெள்ளை நுனியை நறுக்குவதற்கு அரை மணி நேரம் ஆனது, ஆனால் ஒரு துளி கசப்பு இல்லை. பீட்ரூட் வில்லையை மறந்து இருபது நிமிடம் விட்டுவிட்டதால் முதல் பாகில் மண்வாடை வந்தது. இரண்டாவதில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன். மல்லிகைச் சர்க்கரை இரண்டு இரவில் மெல்லிதாக மட்டும் மணந்தது. மூன்றாம் இரவுக்குப் பின் நன்றாகப் பிடித்துவிட்டது. சிக்கரி கலந்த எங்கள் வழக்கமான டிகாக்ஷனின் மேல் அதை ஊற்றியபோது மல்லிகை இருப்பதே தெரியவில்லை. தனிப் பொடியில் தெரிந்தது. என் மாமியார் ரோஜா நுரைக் காபியை உதட்டில் வைத்துக் குடிக்க மறுத்துவிட்டார். ஆகவே அவருக்கு நுரையை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டி போட்டுக் கொடுத்தோம். அதன்மேல் இரண்டு கரண்டி டிகாக்ஷனை அவரே விட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. வாய்க்கால் கரையில் உள்ள தாழம்புதரில் மருந்து எதுவும் தெளிப்பதில்லை. தாழம்பூவை இதே முறையில் பயன்படுத்தலாமா?


மறுமொழி 5: குடமுருட்டி (திருவையாறு வட்டம்)

செய்யலாம் அம்மா, ஆனால் அளவு மிக முக்கியம். மணமுள்ளது ஆண் பூ. அதைச் சூழ்ந்த வெளிர்மஞ்சள் மடல்களில்தான் வாசனை. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இதைக் காய்ச்சி வடித்துத்தான் பிரியாணிக்கும் இனிப்புக்கும் சேர்க்கும் கேவ்ரா நீர் எடுக்கிறார்கள். ரோஜாவைப் போல 40 கிராம் போட்டால் குடிக்க முடியாது. வாய்க்கால் கரை என்பதால் பக்கத்து வயலில் அண்மையில் மருந்தடித்தார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பறிக்கும்போது கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், ஓரமெல்லாம் முள். மடலை நன்றாக உதறுங்கள், உள்ளே பூச்சி அடைந்திருக்கும். முள்ளோரத்தை நறுக்கிவிட்டு, விரல் நீளத்துக்கு ஒரே ஒரு துண்டை 200 கிராம் சர்க்கரையில் புதைத்து ஓரிரவு வைத்து எடுத்துவிடுங்கள். 100 மில்லி பாலுக்கு அந்தச் சர்க்கரையில் ஒரு தேக்கரண்டி. மிச்ச இனிப்புக்குச் சாதாரணச் சர்க்கரை. நம் பாட்டிமார் பட்டுப்புடவைப் பெட்டியில் ஒரு மடலைப் போட்டு மூடி வைத்தால் பெட்டி முழுவதும் மாதக்கணக்கில் மணக்கும் அல்லவா, அந்த வீரியத்தை மனதில் வைத்துக்கொண்டு அளவு போடுங்கள். தாழம்பூவுக்கு மட்டும் உங்கள் வழக்கமான சிக்கரி டிகாக்ஷனே போதும். அது அமுங்காது.